இசை வகுப்பு விளையாட்டுகள்: ஒரு பிள்ளையும் சும்மா நிற்காமல் நடத்துவது எப்படி?

தொடக்கப் பள்ளி இசை வகுப்பில் ஒரு விளையாட்டு பாதியில் குலைந்துபோனால், பிள்ளைகளின் குறும்புதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது காரணமல்ல, காத்திருப்புதான் காரணம். தன் முறை வரும்வரை செய்ய ஒன்றுமில்லாத பிள்ளை, தானாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரைச் சீண்டும், தரையில் உருளும், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும். ஆகவே எந்த விளையாட்டை எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒருவர் ஆடும் நேரத்தில் மற்றவர்கள் எல்லாரும் என்ன செய்கிறார்கள்?

இசை வகுப்பெடுக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பிள்ளைகள் 5 முதல் 10 வயதுக்குள், வகுப்பில் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கு

முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக நடுவில் வந்து தன் பெயரைப் பாட வேண்டும். எழுந்து வர, பாட, திரும்பிப் போய் உட்கார 20 வினாடி. முப்பது பேருக்கு 600 வினாடி, அதாவது பத்து நிமிடம். அதில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை 20 வினாடி. மீதி 9 நிமிடம் 40 வினாடியும் வேடிக்கை பார்ப்பதுதான். ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தால்தான் வியப்பு.

அதே விளையாட்டை இப்படி மாற்றுங்கள். யாரும் எழ வேண்டாம். எல்லாரும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருக்க, ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே நான்கு தட்டுக்குள் தன் பெயரைப் பாடுகிறார். அடுத்த நான்கு தட்டில் வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிப் பாடுகிறது. நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் ஒருவருக்கு 4.8 வினாடிதான் ஆகும். முப்பது பேரும் முடிய 2 நிமிடம் 24 வினாடி. அந்த நேரத்தில் பாதி, எல்லாரும் பாடும் நேரம். கைகளுக்கோ தொடக்கம் முதல் முடிவு வரை வேலை இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் குரலும் தனியாக உங்கள் காதில் விழுந்துவிடுவது கூடுதல் ஆதாயம். மெட்டுக்கு ப–க என்ற இரண்டு சுரங்கள் போதும். மேலிருந்து கீழே இறங்கும் இந்த இடைவெளி சின்னப் பிள்ளைகளின் தொண்டைக்கு எளிதாக வரும்.

காத்திருப்பைக் குறைக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே வட்டத்தைப் பத்துப் பேர் கொண்ட மூன்று வட்டங்களாகப் பிரிப்பது. பாட்டு எல்லாருக்கும் மனப்பாடமான பிறகே இதைச் செய்ய வேண்டும். அதற்கு முன் பிரித்தால், நீங்கள் நிற்கும் வட்டம் மட்டும் பாடும், மற்ற இரண்டும் நின்றுபோகும். இன்னொன்று, நடுவில் ஆடுபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. நடுவில் ஒருவர் என்பதை மூவர் ஆக்கினால் எல்லாருக்கும் முறை வர ஆகும் நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

அறையும் பொருட்களும்

வட்டம் போடச் சொன்னால் பிள்ளைகள் முட்டையும் போடுவார்கள், உருளைக்கிழங்கும் போடுவார்கள். தரையில் முப்பது இடங்களில் நிற டேப்பை ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. டேப் துண்டுகளை மூன்று நிறங்களில் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். பிறகு குழு பிரிக்க வேண்டியதே இல்லை. “சிவப்பு எல்லாம் எழுந்திருங்க” என்றால் பத்துப் பேர் தயார்.

வாத்தியங்களையும் துணிப்பைகளையும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே எண்ணி, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில், அவர்கள் பார்வைக்கு மறைவாக வையுங்கள். கண்ணில் பட்ட டிரம்மைத் தட்டாமல் இருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. விதி சொல்லி முடித்த பிறகுதான் பொருள் கைக்கு வர வேண்டும். கொடுத்துவிட்டு விதி சொல்ல ஆரம்பித்தால், சொல்வது ஒருவர் காதிலும் ஏறாது.

“நிறுத்து” என்பதற்குக் குரலைப் பயன்படுத்தாதீர்கள். முப்பது பேர் பாடும்போது உங்கள் குரல் எடுபடாது; எடுபடும் அளவுக்குக் கத்தினால் ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும். ஒரு சிறு மணி, அல்லது நீங்கள் ஒரு தாளத்தைத் தட்ட வகுப்பு மறுதட்டுத் தட்டிவிட்டு அமைதியாவது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்து ஆண்டு முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பிலேயே ஆட்டம் எதுவும் இல்லாமல், இந்தச் சைகையை மட்டும் ஐந்தாறு தடவை பழக்கிவிட வேண்டும்.

பாட்டு முதலில், ஆட்டம் பிறகு

புதியவர்களிடம் நாங்கள் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை, பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுப்பது. சொல்லையும் மெட்டையும் நினைவில் பிடிக்கவே பிள்ளையின் கவனம் முழுவதும் செலவாகிறது. அதோடு காலும் கையும் சேர்ந்தால் முதலில் கைவிடப்படுவது பாட்டுதான். பாட்டு போனால் மிஞ்சுவது வெறும் ஓட்டம்.

வரிசை இப்படி இருக்கட்டும். நீங்கள் பாடுங்கள், பிள்ளைகள் வாய் திறக்காமல் முழங்காலில் தாளம் தட்டட்டும். இரண்டாம் முறை பாடும்போது கேட்பதற்கு ஒரு வேலை கொடுங்கள்: “இந்தச் சொல் எத்தனை தடவை வருது, விரலை மடக்கி எண்ணுங்க.” மூன்றாம் முறைக்கு வேறொரு வேலை: மெட்டு மேலே ஏறும் இடத்தில் கையை உயர்த்துவது. ஒவ்வொரு முறை கேட்கவும் ஒரு காரணம் இருப்பதால் அலுக்காது. அவர்கள் அறியாமலேயே பாட்டும் பாதி ஏறிவிடும். பிறகு ஒவ்வோர் அடியாகத் திருப்பிப் பாட வைத்து, முழுவதையும் சேர்த்துப் பாட வைத்து, நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவர்களை மட்டும் பாட விடுங்கள். உங்கள் துணையில்லாமல் பாட்டு நிற்கிறதா? அப்போதுதான் விளையாட்டுக்கு நேரம் வந்தது. பல வேளைகளில் அது அடுத்த வகுப்பாகத்தான் இருக்கும். அவசரப்பட வேண்டாம்.

சுருதியில் கவனம் வேண்டும். கீபோர்டில் நடு சி-க்கு அடுத்த டி முதல் அதற்கு மேலே வரும் பி வரை உள்ள பகுதிதான் இந்த வயதினருக்கு வசதி. பெரியவர்கள் தங்கள் தொண்டைக்கு ஏற்றபடி கீழே பிடித்துவிடுவதால், பிள்ளைகள் பாடாமல் பேசுகிறார்கள் அல்லது உறுமுகிறார்கள். ஆண் ஆசிரியர்கள் முதல் சுரத்தைக் கீபோர்டிலோ புல்லாங்குழலிலோ கொடுத்துவிட்டுத் தொடங்கினால் பிள்ளைகள் சரியான ஸ்தாயியைப் பிடித்துக்கொள்வார்கள். “ஒண்ணு, ரெண்டு, எல்லாரும் பாடு” என்ற தொடக்க அழைப்பையும் அதே சுரத்திலும் அதே வேகத்திலும் பாடியே சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாகப் பாடினால் எளிது என்று நினைக்கிறோம். சின்னப் பிள்ளைகளின் இயல்பான நடை நம்முடையதைவிட வேகமானது. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் இரண்டு தட்டுக்கு நடுவே காத்திருக்க முடியாமல் முந்திவிடுவார்கள். நடக்கும், குதிக்கும் விளையாட்டுகளுக்கு 100 முதல் 120 வரை பொருந்தும். கைக்குப் புதிதான அசைவு என்றால் 90-இல் தொடங்கலாம்.

விதியைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள்

விதி விளக்கம் முப்பது வினாடியைத் தாண்டினால் பின்வரிசை போய்விட்டது என்று பொருள். இரண்டு பிள்ளைகளை அழைத்து, ஒன்றும் பேசாமல் ஆடிக் காட்டுங்கள். பிறகு பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், “இவங்க என்ன செஞ்சாங்க?” என்று கேளுங்கள். விதியை அவர்களே சொல்வார்கள். அடுத்து “இது சும்மா ஒத்திகை” என்று அறிவித்து ஒரு சுற்று. புள்ளியோ தோல்வியோ இல்லாத அந்தச் சுற்றில்தான் குழப்பம் எல்லாம் வெளியே வரும்.

ஒரு விளையாட்டை அருகில் பார்ப்போம்

வட்டமாக உட்கார்ந்து தாளத்துக்கு ஏற்பப் பொருளைக் கைமாற்றும் விளையாட்டு உலகெங்கும் உண்டு. வகுப்பில் எளிதாகக் குலைந்துபோவதும் இதுதான். உள்ளங்கையில் அடங்கும் சிறு துணிப்பைகள் முப்பது வேண்டும். பந்து உருண்டு ஓடும் என்பதால் வேண்டாம். அசைவு இரண்டே தட்டு. “எடு”: என் முன்னால் தரையில் இருப்பதை வலக்கையால் எடுக்கிறேன். “வை”: என் வலப்பக்கம் இருப்பவர் முன்னால் வைக்கிறேன். அதே நொடியில் இடப்பக்கத்தவர் என் முன்னால் ஒன்றை வைத்திருப்பார்.

முதலில் பையே இல்லாமல். பாட்டின் மெட்டிலேயே “எடு – வை, எடு – வை” என்று பாடியபடி, வெறுங்கையால் தன் முன்னால் தரையைத் தொட்டு, வலப்பக்கத்தவர் முன்னால் தொட வேண்டும். எட்டு முறை. அடுத்து மூன்று பேருக்கு ஒன்றாகப் பத்துப் பைகள். பை தன்னிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை அசைவு எல்லாருக்கும் தொடர வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அடுத்த தட்டில் தன் முன்னால் ஏதாவது வந்து விழுமா என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இது சீரான பிறகு முப்பது பைகள். கடைசியாக “எடு – வை”யை விட்டுவிட்டுப் பாட்டின் சொற்கள்.

பைகள் ஒரே பிள்ளையின் முன்னால் குவிகின்றனவா? பெரும்பாலும் அந்தப் பிள்ளை, இடப்பக்கத்தவரின் கையிலிருந்தே வாங்கப் பார்த்துத் தாளத்தைத் தவறவிட்டிருக்கும். பை ஒவ்வொரு முறையும் தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்ற ஒரு விதி இதைத் தீர்த்துவிடும். குவிந்ததற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். கூடுதல் பைகளை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். பைகள் பறக்கின்றனவா? இடைவெளி அதிகம். பக்கத்தில் இருப்பவர்களின் முழங்கால்கள் ஏறக்குறைய தொடும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தால் எறியத் தேவையே வராது. இரண்டு கையும் களத்தில் இறங்கிவிட்டால், இடக்கை இடது முழங்காலில் தாளம் தட்டட்டும். “இடக்கையை எடுக்காதே” என்று சொல்வதைவிட அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது.

உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும். அதைப் பேச்சால் தடுக்க முடியாது. ஒரு டிரம்மை எடுத்து நிலையாக அடியுங்கள். அல்லது அன்று அலைபாயும் ஒரு பிள்ளையிடம் டிரம்மைக் கொடுத்து, முதல் சில தட்டுகளுக்குக் கூடவே அடித்துவிட்டு விலகுங்கள்.

வெளியேற்றும் விளையாட்டுகள் வேண்டாம்

தப்பு செய்தவர் வெளியே என்ற முறையில் முதலில் வெளியே போவது யார்? தாளம் இன்னும் பிடிபடாத பிள்ளை. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவர்தான் மிகக் குறைவாக ஆடுகிறார். ஏற்கெனவே நன்றாக வருபவர் கடைசிவரை ஆடுகிறார். இசை வகுப்பில் இது தலைகீழ். ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்தப் பரபரப்பு பிடிக்கும். அதைக் கெடுக்காமல் மாற்ற முடியும்.

அறையின் ஒரு மூலையில் நான்கு சிறு வாத்தியங்களை வையுங்கள். மாட்டிக்கொண்டவர் அங்கே போய், பாட்டுக்கு அடியில் ஓடும் ஒரு தாளத்தை விடாமல் வாசிக்க வேண்டும். “தா தக தா தா” போன்ற நான்கு தட்டு போதும் (‘தா’ என்றால் ஒரு தட்டில் ஓர் அடி, ‘தக’ என்றால் ஒரே தட்டில் இரண்டு அடி). ஐந்தாவது ஆள் வந்ததும் முதலில் வந்தவர் ஆட்டத்துக்குத் திரும்புகிறார். சில சுற்றுகளுக்குப் பிறகு, மூலைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே சிலர் வேண்டுமென்றே மாட்டிக்கொள்வார்கள். அப்போது மூலைக்குக் கொஞ்சம் கடினமான தாளத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வழி, வகுப்பு ஓர் அணி, ஆசிரியர் ஓர் அணி. இதற்கு ஏற்றது ‘தடைத் தாளம்’. பலகையில் ஒரு தாளத்தை எழுதுங்கள்: தா தக தக தா. இது இன்றைக்குத் தடை. நீங்கள் நான்கு தட்டுக்கு ஒரு தாளம் கைதட்ட, வகுப்பு உடனே திருப்பித் தட்ட வேண்டும். தடைத் தாளம் வந்தால் மட்டும் கை அசையக் கூடாது. ஒவ்வோர் ஐந்து முதல் எட்டுத் தாளத்துக்கு ஒரு முறை தடைத் தாளத்தை நுழைத்துவிடுங்கள். இதைவிட அடிக்கடி வந்தால் எல்லாரும் பயந்து தட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். அரிதாக வந்தால் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் மற்ற தாளங்கள் தடைத் தாளத்திலிருந்து நன்றாக வேறுபட்டிருக்கட்டும். பழகிய பிறகு ஒரே ஒரு தட்டு மட்டும் மாறும் தாளங்களைக் கொடுத்தால், மூன்றாவது தட்டுவரை மூச்சை அடக்கிக் கேட்பார்கள். நீங்கள் தட்டி முடித்ததும் அவர்கள், அவர்கள் முடித்ததும் நீங்கள். நடுவில் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. ஓட்டம் அறுந்தால் கவனமும் அறுந்துபோகும். மதிப்பெண்ணில் ஒரு நுணுக்கம்: ஒரே ஒரு பிள்ளை தவறிப்போய்த் தட்டினால் அது உங்கள் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மேல் தட்டினால்தான் ஆசிரியருக்குப் புள்ளி. இல்லையென்றால் தோல்விப் பழி முழுவதும் அந்த ஒரு பிள்ளையின் தலையில் விழும். அடுத்த சுற்றில் அந்தப் பிள்ளை கையைத் தூக்காது.

நிற்கும், மறையும் விளையாட்டுகள்

இசை நின்றால் சிலையாக வேண்டும் என்ற ஆட்டம் எல்லாருக்கும் தெரியும். கேட்ட ஒலிக்கு உடலால் உடனே பதில் சொல்லும் பயிற்சியைச் சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்க்ரோஸ் (1865–1950) இசைக் கல்வியின் நடுவிலேயே வைத்தார். வெறுமனே நிற்பதோடு விட்டுவிடாமல், நிற்கும்போது ஒரு கேள்வி சேருங்கள்: கடைசியாகக் கேட்ட சுரம் மேலே இருந்தால் கையை உயர்த்தி நிற்க வேண்டும், கீழே இருந்தால் குனிந்து. அப்போது எல்லாரும் கேட்டே ஆக வேண்டும். இசையைச் சம இடைவெளியில் நிறுத்தாதீர்கள். இரண்டாவது முறையிலேயே பிள்ளைகள் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாட்டை மறைக்கும் விளையாட்டு இன்னும் எளிது. ஒரு கைப்பொம்மை போதும். அதன் வாய் திறந்திருந்தால் சத்தமாகப் பாட வேண்டும். மூடினால் மனத்துக்குள் பாட வேண்டும், தாளம் மட்டும் தொடரும். மறுபடி திறக்கும்போது எல்லாரும் ஒரே சொல்லில் வந்து நின்றார்களா என்பதுதான் ஆட்டம். ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967) சிந்தனையில் வளர்ந்த வகுப்புகளில் இப்படி உள்ளுக்குள் கேட்பதற்குப் பெரிய இடம் உண்டு. ஒருவரும் காத்திருப்பதில்லை, ஒருவரும் தோற்பதில்லை, பொருட்செலவும் இல்லை. வகுப்பு கைமீறும் நாளில் நாங்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

வாத்தியம் பத்து, பிள்ளைகள் முப்பது

நிறத்தால் பிரித்த மூன்று குழுக்கள் இங்கே கைகொடுக்கும். ஒரு குழு வாசிக்கிறது, ஒரு குழு பாடுகிறது, ஒரு குழு வாசிப்பவர்களின் பின்னால் உட்கார்ந்து அதே தாளத்தை முழங்காலில் தட்டுகிறது. 16 தட்டு முடிந்ததும் இடம் மாறுகிறார்கள். 96 வேகத்தில் 16 தட்டு என்பது பத்து வினாடி. இடம் மாற இன்னொரு 16 தட்டு, அதையும் எண்ணிக்கொண்டே. ஒரு நிமிடத்தில் முப்பது பேரும் வாசித்துவிடுவார்கள். முழங்காலில் தட்டியவர் அடுத்து வாசிக்கும்படி வரிசை வைத்தால் கை ஏற்கெனவே பழகியிருக்கும்.

சைலஃபோன் (சுரத்துக்கு ஒன்றாக வரிசையில் உள்ள பலகைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) இருந்தால் சில பலகைகளைக் கழற்றிவிடுங்கள். ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் (1895–1982) வழியில் வந்த வகுப்பறை வாத்தியங்களில் பலகைகள் கழற்றும்படியே அமைந்தவை. ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த, அதாவது மோகனத்தின் சுரங்கள். எந்தப் பிள்ளை எதைத் தட்டினாலும் ஒன்றோடொன்று உரசாது. தவறாக வாசித்துவிடுவோமோ என்ற பயம் போனால் தனியாக வாசிக்கத் தயங்கும் பிள்ளையும் முன்வரும். குச்சிக்கு ஓர் ஓய்வு நிலை வேண்டும்: தோள்மேல் சாய்த்து வைப்பது நல்லது. “குச்சி தோளில்” என்றால் ஒலி தானாக அடங்கும்.

ஒட்டாமல் நிற்கும் பிள்ளைகள்

தனியாகப் பாட மறுக்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். “நண்பரோடு சேர்ந்து பாடலாம், அல்லது தட்டிக் காட்டலாம்” என்ற தேர்வை அந்த ஒருவருக்கு மட்டும் கொடுக்காமல், எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே அறிவியுங்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காதுக் கவசமும் கதவோரத்தில் ஓர் இடமும் இருக்கட்டும். டிரம் வேலையை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வைக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் தரையில் உட்காரும் ஆட்டத்தை மேசையைச் சுற்றி நடத்தலாம்; எல்லாரும் மேசைக்கு வர வேண்டும், அந்த ஒருவர் மட்டும் அல்ல.

கைகோக்க மறுப்பது எட்டு வயதுக்கு மேல் சாதாரணம். ஆளுக்கு ஒரு முனையாக ஒரு துணியைப் பிடிக்கச் சொன்னால் வாக்குவாதமே எழாது. ஜோடியை அவர்களே தேர்ந்தெடுக்க விட்டால் நேரமும் போகும், ஒரு பிள்ளை மிஞ்சி நிற்கும் வேதனையும் நேரும். உள்வட்டம், வெளிவட்டம் என்று எதிரெதிராக நிறுத்தி, பாட்டு முடியும்போதெல்லாம் வெளிவட்டம் ஓர் இடம் நகரட்டும்.

ஆட்டத்தைக் கெடுக்கும் பிள்ளையிடம் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசினால், மீதி 29 பேரும் காத்திருப்பில் விழுகிறார்கள். பாடிக்கொண்டே போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் ஒரு சுற்று மட்டும் உங்கள் அருகில் உட்கார்ந்து தாளம் பிடிக்கட்டும். அடுத்த சுற்றில் கேட்காமலேயே உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது

அலுப்பு முதலில் கண்ணில் தெரியாது, காதில் தெரியும். பாடும் குரல்கள் மெலிந்து, காலடிச் சத்தம் மேலே கேட்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. அங்கே இரண்டு வழி. ஆட்டம் இன்னும் புதிது என்றால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வேகம், அல்லது ஓசையின் அளவு, அல்லது நகரும் திசை. இரண்டை ஒன்றாக மாற்றினால் குழம்பும். பழகிய ஆட்டம் என்றால் நிறுத்திவிடுங்கள். 40 நிமிட வகுப்பில் ஓர் ஆட்டத்துக்கு 5 முதல் 7 நிமிடம் போதும். “இன்னொரு தடவை!” என்று கேட்கும்போதே நிறுத்தினால் அடுத்த வகுப்பில் அதே ஆட்டத்துக்கு உயிர் இருக்கும்.

நிறுத்தியதும் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு நிமிடம், ஒரே ஒரு இசைக் கேள்வி கேளுங்கள். “பாட்டில் எந்தச் சொல்லில் ‘தக’ வந்தது? தட்டிக் காட்டுங்க.” ஆட்டத்தில் உடம்புக்குத் தெரிந்தது இப்போது பெயரோடு மனத்தில் பதியும். கேள்வி ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த வேகத்தில் பாடினோம், எந்த இடத்தில் பாட்டு தளர்ந்தது, இன்று நடுவில் வர முடியாமல் போனவர்கள் யார் யார். அடுத்த வகுப்பில் முதல் முறை அவர்களுடையது.